வழக்கேடும் வமிச வரலாறும்

மன்றிலே வழக்குரைக்கப் புகுந்தவர் முதலிற் சொல்ல வேண்டுவது தாம் யார் என்பதையே. பாண்டியன் அவையிற் புகுந்த கண்ணகியை அரசன் 'நீ யார்' என வினவியபோது, அவள் தன் ஊரின் சிறப்பைச் சொன்னாள். மாமன் பெயரைச் சொன்னாள். கணவன் பெயரைச் சொன்னாள். இறுதியிலேதான் தன் பெயரைச் சொன்னாள். சிலம்பு உடைந்தது அதற்குப் பின்னர். வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கண்ணகியின் சினத்தை விரித்துரைப்பார்கள். அவள் தன் குடிவரவை முறையாக எடுத்துரைத்த இடத்தை விரைந்து கடந்துவிடுவார்கள். நீதி கேட்போர் தம் குடியையும் ஊரையும் அவையறியச் சொல்லுதல் தமிழர் வழக்கில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு அவ்விடமே சான்று.

பெரியபுராணத்திலே இதனினும் வியக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. திருமணப் பந்தரிலே சுந்தரரைத் தம் அடிமை என்று கூறி வழக்குத் தொடுத்த முதியவர், திருவெண்ணெய்நல்லூர் அவையிலே மூல ஓலையைக் காட்டினார். அவ்வோலையை எழுதித் தந்தவர் சுந்தரரின் பாட்டனார். அவையோர் ஓலையைக் கண்ட அளவில் தீர்ப்புக் கூறினாரல்லர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் எழுத்தைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்த்தனர். பேரன் ஒருவன் தன் பாட்டன் கையெழுத்தை நீதிமன்றிலே காண நேர்ந்த வரலாறு இது. பத்தி நூல் என்று மட்டும் இதனைப் போற்றும் நாம், ஆவணத்தைக் காத்தல், ஒப்புநோக்கல், சான்று கொள்ளல் என்னும் மூன்றையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பதையும் உடன் உணர்தல் வேண்டும்.

இவற்றை நான் இங்கே எடுத்துக்கொண்டது இலக்கிய நயம் பாராட்டுதற்கன்று. குடும்ப வரலாற்றைத் தேடுவார்க்கு நீதிமன்றப் பதிவேடுகள் பெருந்துணை செய்வன. அத்துணையை மாத்தளை மாவட்டத்துத் தமிழர்களாகிய நாம் இன்னும் நாடவில்லை. நாடாது விடின் நாம் இழப்பது பெரிது. இம்மூன்றையும் சொல்லவே எழுதத் தொடங்கினேன்.

நம் மாணவர்களிடம் அவர்தம் வமிச மரத்தை வரைந்து வருமாறு சொன்னால், பெரும்பாலோர் பாட்டன் பெயரோடு நின்றுவிடுகின்றனர். பூட்டன் பெயருக்குரிய கட்டம் வெறுமையாகவே வருகின்றது. பாட்டி பக்கத்தைக் கேட்டாலோ அதுவும் இல்லை. இஃது அவர்தம் குற்றமன்று. நம்மவர் இந்நாட்டுக்கு வந்த முறையே அதற்குக் காரணம். மொரிசியசு, நேட்டால், பீஜித் தீவு முதலிய இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழருக்குப் பெயர், தந்தை பெயர், ஊர், வயது, கப்பலின் பெயர் என்பன குறித்த ஏடுகள் இருந்தன. மொரிசியசிலே அவ்வேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. அங்குள்ளோர் தம் கொள்ளுப்பாட்டன் எவ்வூரினன் என்பதை அவ்வேடு கொண்டு அறிகின்றனர். இலங்கைக்கு வந்தவர்களோ கங்காணியின் பின்னே, பெயர்ப் பதிவு ஒன்றும் இன்றி, மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். தம்புள்ளை வழியாக மாத்தளையை அடையும் வடக்குப் பாதையிலே கொள்ளை நோயாலும் பசியாலும் மாண்டவர்கள் எண்ணிறந்தோர். அவர்களுக்குக் கல்லறையுமில்லை, ஏடுமில்லை. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வரவின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து யூலை 28இல் தலைமன்னாரிலே தொடங்கிய நடைபவனி ஆகஸ்ட் 12இல் நம் மாத்தளையிலே நிறைவெய்தியது. நடந்தவர்கள் முன்னோரின் பாதையைக் கண்டனர். முன்னோரின் பெயர்களை எங்கே காண்பது?

யாழ்ப்பாணத்தாருக்கு ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் உண்டு. கண்டிச் சிங்களக் குடும்பங்களுக்குச் சன்னசுகளும் ஓலை உறுதிகளும் உண்டு. தோட்டத்துத் தமிழனுக்கு நிலமில்லை; ஆதலின் உறுதியுமில்லை. பிறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே ஒழுங்கு பெறத் தொடங்கியது. அப்போதும் லயத்துப் பிறப்புகள் பலவும் பதியப்படாமற் போயின. செக்ரோலிலே பெயர் உண்டு. ஆயின் தோட்டம் கைமாறியபோது செக்ரோலும் மறைந்தது. எஞ்சியிருப்பன யாவை? கோயில் நன்கொடைப் பட்டியல், முதியோர் நினைவு, நீதிமன்ற ஏடு. முதலிரண்டையும் சிலரேனும் நாடியிருக்கின்றனர். மூன்றாவதைப் பற்றியே என் பேச்சு.

'கோடேறிய குடும்பம்' என்பது நம் ஊர்களில் ஒரு வசைச்சொல். மானமுள்ளவர் நீதிமன்றப் படி மிதியார் என்பது முதியோர் கொள்கை. அக்கொள்கை உடையோர் கேட்பார்கள்: 'எங்கள் குடும்பத்தார் களவு செய்தவரா, கொலை செய்தவரா, எங்கள் பெயரை ஏன் கோட்டு ஏட்டிலே தேட வேண்டும்?' இக்கேள்விக்கு வரலாறே விடை கூறும். தோட்டத் தொழிலாளியைக் கோட்டுக்கு இழுத்தது அவன் குற்றமன்று. அவனை ஆண்ட சட்டம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்கு வராமையும் அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு நீங்குவதும் குற்றங்கள். அவற்றுக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. இன்றைய நாளில் ஒருவன் வேலையை விட்டு வேறு வேலைக்குப் போவானாயின் அஃது அவன் விருப்பம். அன்று அதுவே பொலிஸ் கோட்டில் நிறுத்தத் தக்க குற்றம். கங்காணியின் கடன் தீராமல் 'துண்டு' கிடையாது. துண்டு இல்லாமல் மற்றொரு தோட்டத்தில் இடம் கிடையாது. 1921இலேதான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. அதற்கு முற்பட்ட நாளில் ஒருவன் 'ஓடிப்போனான்' என்று கோட்டு ஏட்டில் இருந்தால், அவன் மரபினர் நாணுதற்கு அதில் ஒன்றுமில்லை. தன் காலால் நடந்து தன் வாழ்வைத் தேடத் துணிந்தவன் அவன் என்று பெருமிதமே கொள்ளலாம்.

இனி, சட்டமே நம்மைப் பார்த்து 'உன் பாட்டன் யார், பூட்டன் யார்' என்று கேட்ட காலமும் ஒன்று வந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிலே பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரஜை ஆதற்கு, அவர் தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். 1908இற் பிறந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பாட்டன் 1850களிலும் பூட்டன் 1830களிலும் பிறந்திருப்பார்கள். பிறப்புப் பதிவே தொடங்காத காலத்துப் பிறப்புக்குப் பத்திரம் கேட்டால் எங்கே போவது? மிகப் பெரும்பான்மையோர் தந்தையின் பிறப்பைக்கூடப் பத்திரத்தாற் காட்ட இயலாது நின்றனர். உலகிலே பலரும் வமிச வரலாற்றைப் பொழுதுபோக்காகத் தேடுகின்றனர். நம்மவர்க்கோ அது நாடா நாடின்மையா என்னும் வினாவாயிற்று.

அதனை அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்தியர் பாக்கிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும், 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன், இடையறாது இலங்கையில் வாழ்ந்தமையைக் காட்ட வேண்டும் என்றது அச்சட்டம். 1951 ஆகஸ்ட் மாதத்துள் ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8,24,000 பேர். 1964 அளவில் அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரஜாவுரிமை கிட்டியது. மறுக்கப்பட்டவர்களுட் சிலர் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்தனர். அம்மேன்முறையீடுகளில் பல, வழக்குத் தீர்ப்புத் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. துரைசாமி என்பார் தொடர்பான வழக்கொன்று 1958இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. அதற்கு முன்னரே, ருவான்வெலைத் தொகுதி வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்குமாறு கோரிய கோடாக்கன் பிள்ளையின் வழக்கும் அக்கழகத்துக்குப் போயிற்று. 1953இல் அவருக்கு எதிராக முடிந்தது. இடம்விட்டு இடம் பெயரும் மக்களின் வழக்கம் அவர்தம் பிரஜாவுரிமைத் தகுதியைத் தீர்மானிப்பதற்குப் பொருந்தும் செய்தியே என்பது அத்தீர்ப்பின் கருத்து.

இதிலே ஒரு முரண் இருத்தலைக் காண்க. வந்துபோகும் மக்கள் என்று நம்மைக் குறித்த அதே சட்ட நடவடிக்கையின் ஏடுகளிலேதான், நாம் வந்துபோகாமல் இங்கேயே இருந்தமைக்குரிய சான்றுகள் நிரம்பிக் கிடக்கின்றன. எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு முதல் வேலை செய்தார், எங்கே மணம் முடித்தார், எத்தனை பிள்ளைகள், எந்தப் பிள்ளை எந்த லயத்திற் பிறந்தது, எந்தப் பள்ளியிற் படித்தது, இந்தியாவுக்கு எப்போது போய் எத்தனை நாளில் திரும்பினார், ஊரிலே நிலம் உண்டா, யாருக்குப் பணம் அனுப்பினார் என்னும் வினாக்களும் விடைகளும் அக்கோவைகளில் உள்ளன. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியின் வாழ்வு இத்துணை விரிவாக வேறெங்கே எழுதப்பட்டிருக்கின்றது? துன்புறுத்துதற்கெனக் கேட்ட கேள்விகளாயினும், விடைகள் நமக்குச் செல்வம்.

இரத்தோட்டைப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அக்குடும்பத்துப் பெரியவர் வீட்டுத் தகரப் பெட்டியிலே, 1950களில் நடந்த விசாரணையின் படி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆங்கிலத்தில் இருந்தமையால் எவரும் படித்திலர். நானும் ஒரு சட்டத்தரணி நண்பரும் அமர்ந்து படித்துச் சொன்னோம். பெரியவரின் பாட்டி தம் ஏழு பிள்ளைகளையும் வரிசைப்படுத்திக் கூறி, ஒவ்வொருவரும் பிறந்த தோட்டத்தையும் குறித்திருந்தார். ஏழு பிள்ளைகள், நான்கு தோட்டங்கள். வீட்டார்க்குத் தெரிந்திருந்தவர் ஐவரே. ஆறாவது பிள்ளை சிறு வயதில் இறந்தது. ஏழாவது பெண், சிறீமா சாஸ்திரி உடன்படிக்கையின் கீழ்த் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவள். அப்பெண்ணின் மக்கள் நீலகிரிப் பக்கத்திலே இருக்கின்றனர் என்று பின்னர் உசாவி அறிந்தனர். பெட்டியில் ஐம்பது ஆண்டுக்கு மேல் உறங்கிய தாள் ஒன்று இரண்டு நாடுகளிற் பிரிந்து கிடந்த குடும்பத்தை மீண்டும் பேச வைத்தது. 1964 அக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, 9,75,000 பேரை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைக்கு விட்டது. அவ்வெண்களின் அடியிலே இத்தகைய குடும்பங்கள் எத்தனை என்பதை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நடுங்குகின்றது.

பிரஜாவுரிமைக் கோவைகளோடு இது முடிவதன்று. மாவட்ட நீதிமன்றத்திலே நடக்கும் மரணசாதன வழக்குகளில், இறந்தவர் யார், எப்போது எங்கே இறந்தார், மனைவி மக்கள் யாவர், எவரெவர் எதற்கு உரியர் என்பன யாவும் சத்தியக் கடதாசியோடு பதியப்படும். நகரத்துக் கடைக்காரர், வண்டி வைத்திருந்தவர், சிறு கொக்கோத் தோட்டமோ மிளகுத் தோட்டமோ வாங்கிய கங்காணி ஆகியோரின் குடும்பங்களுக்கு இவை மிகவும் பயன்படும். காணியைப் பங்கிடும் வழக்குகள் இவற்றினும் சிறந்தவை. 1863ஆம் ஆண்டுச் சட்டந் தொடங்கி, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊடாக, இன்று நடைமுறையில் உள்ள 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வரை இவ்வழக்குகள் நடந்து வருகின்றன. இன்றைய சட்டப்படி, வழக்காளி தம் முறைப்பாட்டோடு வமிசாவளி ஒன்றையும் இணைத்தல் வேண்டும். காணி முதலில் யாருடையது, அவர் மக்கள் யாவர், அவர்தம் மக்கள் யாவர் என்று கிளை கிளையாகக் காட்டுவது அது. எதிராளி அதனை மறுப்பாராயின் தம் வமிசாவளியைத் தாம் காட்டுவார். மாத்தளையிலே தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் ஒரே காணியின் பங்காளர்களாய் நின்ற வழக்குகளைக் காண்போர், இம்மாவட்டத்தின் சமூக வரலாறு ஓர் இனத்தின் வரலாறன்று என்பதை எளிதில் உணர்வர்.

கடன் வழக்குகளையும் மறத்தலாகாது. 1870களிலிருந்து கோப்பியை நோய் தின்று, 1880களில் அத்தொழில் வீழ்ந்தபோது தோட்டங்கள் நொடித்தன; சம்பளம் நின்றது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் கங்காணிகள் பட்ட கடனும், கங்காணிகளிடம் தொழிலாளர் பட்ட கடனும் வழக்குகளாயின. பிள்ளைச் செலவு வழக்கு, பாதுகாவலர் நியமன வழக்கு, பிறப்புப் பத்திரத்துப் பெயரைத் திருத்தும் வழக்கு ஆகியவற்றிலும், முஸ்லிம் குடும்பங்களுக்குக் காதி நீதிமன்றப் பதிவுகளிலும், உறவு முறை தெளிவாகப் பேசப்படும். வழக்கு எதுவாயினும், இருவர் எதிரெதிர் நின்று ஒரே குடும்பத்தைப் பற்றிப் பேசுகின்றனர். நமக்கு வேண்டுவது அதுவே.

தேடும் முறை யாது? தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லல் வேண்டும். முதலில் வீட்டிலுள்ள தாள்களை விரிக்க. பழைய உறுதி ஒன்றில் வழக்கு இலக்கம் குறிக்கப்பட்டிருக்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் பின் காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையிலேதான் செல்லும். ஆதலின் நொத்தாரிசின் பெயரும் உறுதியின் இலக்கமும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடலாம். இறப்புப் பத்திரத்தின் திகதி தெரிந்தால், அவ்வாண்டையும் அடுத்த ஆண்டுகளையும் சேர்ந்த மரணசாதன வழக்குப் பதிவுகளை நாடலாம். வழக்கு இலக்கமும் கட்சிக்காரர் பெயரும் இருப்பின் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்திப் படி பெறலாம். மிகப் பழைய ஏடுகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடுக. மன்றுகளின் பழைய பெயர்களையும் அறிந்துவைத்தல் நன்று. 1833ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தால் மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. சிறு கடன் வழக்குக்கு ரிக்குவெஸ்ட் கோடும், சிறு குற்றத்துக்குப் பொலிஸ் கோடும் நெடுங்காலம் இருந்தன. பின்னர் வந்த மாற்றங்களால் அப்பெயர்கள் மறைந்தன. பெயர் மறைந்தமை அறியாதார் ஏட்டையும் தேடி அறியார். மேல் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அச்சிட்ட தொகுதிகள் உண்டு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் தொகுத்த தொகுதிகள் முதலாக அவை நூலகங்களிற் கிடைக்கும். வழக்குத் தொகுதி வழக்கறிஞர்க்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா.

இவ்விடத்திலே தமிழாசிரியர்க்கு உரிய கடமை ஒன்று வருகின்றது. பழைய ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்திலே சிதைந்து கிடக்கின்றன. கறுப்பன் என்பது 'கார்ப்பென்' என்று படிக்குமாறும், முத்து என்பது 'மூட்டூ' என்று படிக்குமாறும், பழனி என்பது 'புல்னி' என்று படிக்குமாறும் எழுதப்பட்டுள்ளன. ழகர ளகர லகரங்கள் ஒன்றாகிவிடும். றகர ரகரங்கள் ஒன்றாகிவிடும். குறிலும் நெடிலும் தம்முள் மாறும். திருச்சிராப்பள்ளியும் தஞ்சாவூரும் ஊர்ப்பெயராக வருமிடத்தும் இதே இடர்ப்பாடு. தொழிலாளர் தோட்டத்தை அழைக்கும் தமிழ்ப் பெயர் ஒன்று. ஏட்டிலுள்ள ஆங்கிலப் பெயர் வேறொன்று. எழுத்திலக்கணமும் பேச்சு வழக்கும் அறிந்தவர் துணையின்றி இப்பெயர்களை மீட்டல் அரிது. வழக்கறிஞர் சட்டத்தை அறிவார். சுவடிக்கூடத்தார் ஏட்டை அறிவார். பெயரை அறிபவர் தமிழறிந்தவர். பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுதல் நம் மரபு. 'பேரன்' என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. சுந்தரரும் பாட்டனார் பெயராகிய ஆரூரன் என்பதையே பெற்றார். ஆதலின் ஏட்டிலே ஒரே பெயர் ஒரு தலைமுறை இடைவிட்டு மீளத் தோன்றும். அறிந்தார்க்கு அது வழிகாட்டி; அறியாதார்க்கு அது மயக்கம். இருவரை ஒருவராகக் கொள்ளும் பிழை பெரும்பாலும் இங்கேதான் நேரும்.

மன்றிலே சொன்னவை யாவும் மெய்யோ என்று கேட்பாருளர். நியாயமான கேள்வி. வழக்கில் வெல்லுதற்காக வயதைக் கூட்டியவரும் குறைத்தவரும் உண்டு. உறவை மறைத்தவரும் உண்டு. பிரஜாவுரிமை விசாரணையிலே அச்சத்தால் உண்மையை விழுங்கியவரும் உண்டு. ஆயினும் எதிர்க்கட்சி உள்ள இடத்திலே பொய் நெடுநேரம் நில்லாது. ஒரு சாட்சியை மற்றொரு சாட்சியோடும், இரண்டையும் பதிவுப் பத்திரத்தோடும், மூன்றையும் வீட்டார் நினைவோடும் ஒப்புநோக்க வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் செய்தது அதுவே. பாட பேதம் ஆராய்ந்து பழைய நூலைப் பதிப்பித்த மரபினர்க்கு இது புதுக்கலையன்று. ஏட்டுச் சுவடிக்குக் காட்டிய பொறுமையைக் கோட்டு ஏட்டுக்கும் காட்டுவோமாக.

மற்றோர் அச்சமும் உண்டு. ஏட்டைத் திறந்தால் குடும்பத்தின் இரகசியங்கள் வெளிப்படுமே என்பது. பிறர் மானத்தைப் பேணுதல் கடமையே. உயிரோடிருப்பார் தொடர்பானவற்றை ஊரறிய உரைத்தலாகாது. தம் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியதைத் தெரிந்துகொள்ளல் ஒன்று. அயலார் குடும்பத்தின் வடுவைத் தோண்டிக் காட்டல் வேறொன்று. சாதிப் பெருமை பேசுதற்கு இவ்வாராய்ச்சியைக் கருவியாக்குவாரையும் நான் வெறுக்கின்றேன். குடிவரவைத் தேடுபவன் தன் முன்னோர் பட்ட பாட்டை அறிதற்கே தேடுதல் வேண்டும். பிறர் முன்னோரைத் தாழ்த்துதற்கன்று. இலண்டன் ஓல்ட் பெய்லி மன்றிலே 1674 முதல் 1913 வரை நடந்த விசாரணைகளின் அச்சேடுகள் 2003 முதல் எவரும் இணையத்திற் படிக்குமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. ஏழைகளும் குற்றவாளிகளும் பணிப்பெண்களும் பேசிய பேச்சை அந்நாட்டார் வரலாறாகப் போற்றுகின்றனர். நம் ஏழைகளின் பேச்சு அதனிற் குறைந்ததோ?

காலம் நமக்காகக் காத்திருக்கவில்லை. 1983 யூலைக் கலவரத்திலே மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. கடையோடு கணக்கேடும், வீட்டோடு உறுதியும் பிறப்புப் பத்திரமும் சாம்பலாயின. அக்குடும்பங்களுக்கு அரசாங்க அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் உள்ள படியே இன்று எஞ்சிய ஒரே படி. அப்படிகளோ தாள்கள். ஈரமும் கறையானும் அவற்றுக்குப் பகை. கீழ் மன்றுகளின் ஏடுகள் யாவும் என்றென்றும் வைக்கப்படுவனவல்ல. இடமின்மையால் கழிக்கப்படுவனவும் உண்டு. கழிக்கத்தக்கது எது, காக்கத்தக்கது எது என்று தீர்மானிக்குமிடத்தே நம் குரல் ஒலித்ததில்லை. நாம் கேளாதவற்றை யார் காப்பார்?

என் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, நூறாண்டு கடந்த வழக்கேடுகளைக் கழிக்காமல் சுவடிகள் திணைக்களத்தின் காப்பிலே சேர்த்தல் வேண்டும். தோட்டத் தொழிலாளர் தொடர்பான வழக்குகளுக்கும் பிரஜாவுரிமைக் கோவைகளுக்கும் தனிக்கவனம் வேண்டும். இரண்டாவது, அவ்வேடுகளிலுள்ள தமிழ்ப் பெயர்களுக்கு அகராதி முறையில் ஓர் அட்டவணை ஆக்குதல் வேண்டும். ஆங்கில எழுத்தில் உள்ளவாறும் தமிழில் இருத்தற்குரியவாறும் இரண்டையும் அருகருகே காட்டுதல் வேண்டும். பல்கலைக்கழக மாணவரும் தமிழாசிரியரும் கூடினால் செய்யத்தக்க வேலை இது. மூன்றாவது, மாத்தளை மாவட்டத் தமிழ்ப் பாடசாலைகள் ஒவ்வொன்றும் உயர்தர வரலாற்று மாணவரைக் கொண்டு தம் சுற்றிலுள்ள தோட்டங்களின் முதியோர் நினைவைப் பதிவுசெய்தல் வேண்டும். ஏட்டிலுள்ள பெயருக்கு உயிர் கொடுப்பது முதியோர் வாய்மொழியே. அவர்கள் மறைந்தபின் ஏடு இருந்தும் பயனில்லை. நான்காவது, வீடுகளிலே தகரப் பெட்டியில் உள்ள தாள்களை எவரும் எரித்தலாகாது. தீர்ந்துபோன வழக்குத்தானே என்று எண்ணற்க. வழக்குத் தீர்ந்தது, வரலாறு தீரவில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாய் வாழ்ந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் மரபினர்க்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்டு நம்மை மன்றிலே நிறுத்துவார் இன்று இல்லை. ஆதலின் இனி அக்கேள்வியை நாமே நம்மை நோக்கிக் கேட்கலாம், அச்சமின்றிக் கேட்கலாம். அன்று விடை கூற இயலாது நின்ற முதியவர்கள் எளியோர், கல்வியில்லாதோர். அவர்தம் பெயரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள். பாட்டன் வாய் திறவாது நின்ற கேள்விக்குப் பெயரன் ஏடு புரட்டி விடை கூறுதல் கடன். அக்கடனைத் தள்ளி வைப்பின், ஏடும் அழியும், விடையும் அழியும்.